செம்புறாங்கல் குழியிலிருந்து செவ்வாய்க்கு

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் என் மகள், கோள்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். நீங்கள் மகாராஷ்டிரத்திலுள்ள லோணாருக்குப் பாறை பார்க்கப் போன கட்டுரையைச் சேர்ந்தே படித்தோம். செவ்வாயை ஆராய்கிறவர்கள் பூமியில் ஏன் காடுமேடெல்லாம் அலைய வேண்டும்? இந்தச் செட்டிநாட்டுப் பொட்டலில் அவள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

வள்ளியம்மை, கானாடுகாத்தான்

அன்புள்ள வள்ளியம்மை,

செவ்வாயில் இப்போதைக்கு மனிதர் அனுப்பிய ஊர்திகள்தான் நடமாடுகின்றன. அவை அனுப்பும் படத்தில் ஒரு கல்லைப் பார்த்து, அது எரிமலைக் குழம்பு இறுகியதா, நீர் கொண்டுவந்து சேர்த்ததா என்று சொல்ல, அப்படிப்பட்ட கற்களை இங்கே உடைத்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். லோணார் பள்ளம், எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் என்ற கரும்பாறையில் விண்கல் மோதி உண்டானது. செவ்வாயின் தரையிலும் பெரும்பகுதி பசால்ட்தான். அங்கே போனது அதற்காகவே.

பொட்டல் என்று எழுதியதை மட்டும் ஏற்க மாட்டேன். செம்புறாங்கல் வெட்டும் குழி ஒன்றுக்கு மகளை அழைத்துப் போங்கள். வெப்பமும் மழையும் மிகுந்த காலங்களில், மண்ணுக்குள் இறங்கிய நீர் பாறையிலிருந்த சிலிக்காவையும் சுண்ணாம்புச் சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாமல் தங்கிய இரும்பும் அலுமினியமும்தான் அந்தக் கல். இத்தகைய நிலங்களில் பல இடங்களில் சிவப்புக்குக் கீழே வெளிறிய களிமண் வரும். அதில் முக்கியமானது கயோலினைட் என்ற வெண்ணிறக் களிமண் கனிமம்.

2021-இல் செவ்வாயின் ஜெஸரோ பள்ளத்தில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, சிதறிக் கிடந்த வெளிறிய கற்களில் இதே கயோலினைட்டைக் கண்டது. நெடுங்கால மழையா, நிலத்தடி வெந்நீரா, எது அவற்றை அப்படி ஆக்கியது? விடை தேடுகிறவர்கள் பூமியின் பழைய மண்ணடுக்குகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். செவ்வாயில் ஒரு காலத்தில் மழை பெய்ததா என்பதே இதில் அடங்கியிருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி தெரியவில்லை. (செவ்வாய் சிவப்பாக இருப்பதால் அங்கும் செம்புறாங்கல் என்று அவள் எண்ணிவிட வேண்டாம். அந்த நிறம் பெரும்பாலும் இரும்புத் துருவேறிய தூசு.)

நிலாவுக்கும் தொலைவு போக வேண்டாம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தொசைட் என்ற வெளிர்நிறப் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ சோதனைக்கான நிலா மண்ணைத் தயாரித்தது.

குழிக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், விளிம்பில் நிற்க வேண்டாம். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். படம் எடுப்பதற்கு முன் வெட்டுமுகத்தை மேலிருந்து கீழ்வரை கையால் வரையச் சொல்லுங்கள்; நிறம் எங்கே மாறுகிறதோ அங்கே கோடு போடட்டும். வரைந்ததை எனக்கு அனுப்பினால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறேன்.