பேணியைப் பார்த்து வாங்குங்கள்: இம்மாதக் கேள்வி-பதில்

பாரிஸில் இருக்கும் பெறாமகன், ஊருக்கு வரும்போது 250 கிராம் கேவியர் கொண்டுவருவதாகச் சொல்கிறான். மீன் சினைக்கும் கட்டுப்பாடு உண்டா? (கிளிநொச்சி)

உண்டு. கேவியர் தரும் ஸ்டர்ஜன் மீனினங்கள் அனைத்தும் 1998 ஏப்ரல் முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. இலங்கை 1979இலேயே அதில் இணைந்துவிட்டது. சொந்தப் பாவனைக்காகப் பயணி ஒருவர் அனுமதிப்பத்திரமின்றித் தம் பயணப் பொதியில் எடுத்துச்செல்ல உடன்படிக்கை இடங்கொடுப்பது 125 கிராமுக்கு மட்டுமே. அது ஆளுக்கான கணக்கு, பேணிக்கான கணக்கன்று. இதைவிட இறுக்கமான விதியை வைத்திருக்கும் நாடுகளும் உள்ளதால், காசைக் கொடுப்பதற்கு முன்னர் புறப்படும் நாட்டின் சுங்கத்திடமும் இங்குள்ள சுங்கத்திடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே 125 கிராமைப் பார்சலில் அனுப்பலாமா? (புதுக்குடியிருப்பு)

கூடாது. சலுகை பயணிக்கு, பார்சலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மகளின் கலியாணத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தினருக்காக, முகநூல் விற்பனையாளர் ஒருவரிடம் 18,000 ரூபா கொடுத்துப் ‘பெலூகா’ என்ற ஸ்டர்ஜன் மீனின் கேவியர்ப் போத்தல் ஒன்றை வாங்கினேன். கரண்டியிலும் கோப்பையிலும் கறுப்புச் சாயம் ஒட்டுகிறது. இப்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. (வவுனியா)

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அம்மா. நானும் கொழும்பில் ஒருமுறை இதேபோன்ற போத்தலை வாங்கி, சோறு கறுத்த பிறகுதான் அது லம்ப் என்னும் வேறொரு மீனின் சாயமிட்ட சினை என்று அறிந்தேன். போத்தலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த மீனின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது என்பதே எனக்கு இன்றுவரை வெட்கம்.

பளபளக்கும் தங்க நிற ஒட்டியைக் கண்டு மயங்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன், ஆனாலும் விடப்போவதில்லை. சட்டப்படி வரும் கேவியர்ப் பேணியில் கிழிக்காமல் திறக்க முடியாத, மறுபடி பயன்படுத்த முடியாத ஒரு சிட்டை இருக்கும். அதில் மீனினத்தின் மூன்றெழுத்துக் குறி, காட்டு மீனா பண்ணை மீனா என்பதற்கான குறி, மூல நாடு, ஆண்டு, பதனிட்ட நிலையத்தின் பதிவுக் குறி, தொகுதி இலக்கம் ஆகியவை வரிசையாக நிற்கும். பெலூகாவுக்கு எச்.யூ.எஸ். என்றும், சைபீரிய ஸ்டர்ஜனுக்கு பி.ஏ.இ. என்றும் குறி. பெலூகா மீன் சினைபிடிக்கவே பதினைந்து ஆண்டளவில் ஆகும்போது, அதன் சினை மலிவு விலையில் முகநூலில் கிடைக்கும் என்று நம்பச் சொல்பவர் உங்களை ஏமாளி என்று கணக்குப் போட்டே வந்திருக்கிறார்.

வங்கிச் சிட்டை, விளம்பரத்தின் படம், போத்தல் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் முதலில் விசாரிக்கலாம்.

துபாயில் வாங்கிய மூன்று பேணிகளின் சிட்டைகளை, விலை தெரியக்கூடாதென்று கிழித்துவிட்டேன். சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள். திரும்பப் பெறலாமா? (மன்னார்)

முடியாது. விலையோடு சேர்த்து உங்கள் சான்றையும் நீங்களே கிழித்திருக்கிறீர்கள்.

எங்கள் சங்கத்துப் பெண்கள் உப்பிட்டுக் காயவைக்கும் மீன் சினையை, ரொறன்ரோவிலுள்ள உறவினர் ‘வன்னிக் கேவியர்’ என்று விற்க விரும்புகிறார். அனுமதி வேண்டுமா? (முல்லைத்தீவு)

சைட்டீஸ் அனுமதி வேண்டியதில்லை. கேவியரைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் இருப்பவை ஸ்டர்ஜனும் அதன் உறவான துடுப்பு மீனும்தான். ஏற்றுமதிக்கான உணவுச் சுகாதார விதிகள் வேறு, அவற்றைத் தனியாகக் கேட்டறியுங்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள்: ‘உப்பிட்ட மீன் சினை’ என்று எழுதினால் வவுனியாவில் நடந்ததை ரொறன்ரோவில் செய்தவர்களாக மாட்டீர்கள். அதே பொதியில் கடலட்டையும் போகுமென்றால் நில்லுங்கள். சில கடலட்டை இனங்கள் 2020 முதல் சைட்டீஸ் பட்டியலில் சேர்ந்துவிட்டன, ஆகவே எந்த இனம் என்று கடற்றொழில் திணைக்களத்தில் காட்டிய பிறகே கட்டுங்கள்.