ரயில்வே டெலிகாம் என்றால் போன் ரிப்பேரா?

வணக்கம் அம்மா. மகன் ஈசிஇ முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறார், இப்போது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி ரயில்வேயின் கவச் பாதுகாப்பு அமைப்பு வேலைக்கு டெலிகாம் இன்ஜினியராகக் கூப்பிடுகிறது, சைட் தெலங்கானாவில், அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். "ரயில்வேயில் டெலிகாம் என்றால் ஸ்டேஷன் போனை ரிப்பேர் பார்க்கிற வேலை" என்று உங்கள் அண்ணன் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள்.

அண்ணன் சொன்னது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. கேட் போனும் கன்ட்ரோல் போனும் இன்றைக்கும் அந்தப் பிரிவின் பொறுப்புதான். ஆனால் இன்றைக்கு அதைவிடப் பெரிய வேலை வந்துவிட்டது. சிவப்பு சிக்னலைத் தாண்டப் போகும் ரயிலை, டிரைவர் பிரேக் போடாவிட்டாலும் தானே நிறுத்துவதுதான் கவச். எஞ்சினில் ஒரு பெட்டி, ஸ்டேஷனில் ஒரு பெட்டி, தண்டவாளத்தில் ரயில் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி டேக். எஞ்சினும் ஸ்டேஷனும் ரேடியோவில் பேசிக்கொள்ள 40 மீட்டர் உயர டவர்கள், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆப்டிக்கல் ஃபைபர். இந்தப் பேச்சு நின்றுபோனால் கவச்சும் இல்லை. 2020இல் இதைத் தேசிய அமைப்பாக ஏற்றார்கள். 2024 ஜூலையில் 4.0 பதிப்புக்கு ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்டிஎஸ்ஓ ஒப்புதல் கொடுத்தது. நடுவில் 2021இல், எல்டிஇ (4ஜி) ரேடியோவுக்காக 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 5 மெகாஹெர்ட்ஸை ரயில்வேக்கு ஒதுக்கினார்கள். நாடு முழுக்கப் போட வேண்டியது இன்னும் ஏராளம். வேலை வற்றிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. இது ஏசி அறை வேலை இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த பையன் ஒருவன் இப்போது இந்தத் துறையில் சீனியர். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். ராத்திரி ஒரு மணிக்கு போன் வருகிறது: எங்கேயோ ஜேசிபி தோண்டி கேபிளை அறுத்துவிட்டது. ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி அறுந்த தூரத்தை அளக்கிற ஓடிடிஆர் கருவியை மாட்டிப் பார்த்தால் 7.3 கிலோமீட்டரில் அறுந்திருப்பதாகக் காட்டுகிறது. புதிதாக வந்தவர் தண்டவாளத்தின் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து அங்கேயே போய் நிற்பார், அங்கே ஒன்றும் இருக்காது. கருவி சொல்வது ஃபைபரின் நீளத்தை. ஒவ்வொரு ஜாயின்ட் குழியிலும் சில மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அதைக் கழித்தால்தான் இடம் கிடைக்கும். எந்தக் குழியில் எவ்வளவு சுருள் என்பது டிராயிங்கில் இருக்க வேண்டும். கேபிள் போட்ட அன்று எழுதி வைக்கவில்லையென்றால், அந்த ராத்திரி நடந்து நடந்து தேட வேண்டியதுதான். இடத்தைக் கண்டுபிடித்தபின் டார்ச் வெளிச்சத்தில் முடியளவு இழைகளை நிறம் பார்த்துப் பிரித்து, ஆல்கஹாலில் துடைத்து, வெட்டி, ஸ்ப்ளைசர் என்ற இழை ஒட்டும் கருவியில் வைத்து ஒட்ட வேண்டும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வரிசையில் இரண்டு நிறம் மாறினாலும் வேறு ஏதோ சர்க்யூட் படுத்துவிடும். மகனுக்கு நிறப்பார்வை சரியாக இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ரயில்வே மருத்துவப் பரிசோதனையிலும் அது உதவும்.

ஆக, "சீனியர்" என்ற பட்டம் சைட்டில்தான் சம்பாதிக்கப்படுகிறது. முதல் மூன்று நான்கு வருடம் குழி, டவர், டெஸ்டிங், ரிப்போர்ட். அதன் பிறகுதான் டிசைனைச் சரிபார்ப்பது, ரயிலை நிறுத்தி வேலைக்கு ஒதுக்கும் பிளாக் நேரத்துக்குள் வேலையை முடிக்கத் திட்டமிடுவது, அமைப்பை இயக்கத்துக்குக் கொண்டுவரும் கமிஷனிங் அன்று கையெழுத்துப் போடுவது. அந்தக் கையெழுத்து விளையாட்டு இல்லை அம்மா. 2023 ஜூன் 2இல் ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்தில், சிக்னல் சர்க்யூட்டில் மாற்றம் செய்த வேலையின் தவறுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. பிறகு சிபிஐ மூன்று ரயில்வே ஊழியர்களைக் கைது செய்தது. அது டெலிகாம் இல்லை, சிக்னல். ஆனால் இரண்டும் ஒரே துறையின் இரண்டு கைகள். செக்லிஸ்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிற சுபாவம் உள்ள பையனுக்கு இந்த வேலையை நான் சொல்லவே மாட்டேன்.

சரி, இந்த ஆபருக்கு வருவோம். சம்பளத் தொகையைவிட முதலில் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் போடுவது அந்தக் கம்பெனியா, ஆள் அனுப்பும் ஏஜென்சியா? பிஎஃப் பிடிக்கிறார்களா? மகனுடைய வேலை டெஸ்டிங்கா, இல்லை குழி வெட்டுகிற ஆட்களை எண்ணிக் கணக்கெழுதுவது மட்டுமா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால் இரண்டு வருடம் கழித்து பயோடேட்டாவில் எழுத ஒன்றும் இருக்காது, அதை நான் நிறைய பார்த்துவிட்டேன். ஸ்ப்ளைசர், ஓடிடிஆர், ரேடியோ சிக்னல் அளவீடு இவற்றில் கை வைக்க விட்டால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போகலாம். சைட்டில் ஹெல்மெட், ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட், டவர் ஏற பெல்ட் கொடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். கேட்க வெட்கப்படக் கூடாது.

அரசு வேலை ஆசை உங்களுக்கு இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதையும் விட வேண்டாம். ரயில்வே தேர்வு வாரியம் (ஆர்ஆர்பி) நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வில் டெலிகாம் பிரிவு உண்டு. ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். அங்கிருந்து பதவி உயர்ந்தால் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர், அடிப்படை 44,900. படிகள் தனி. பயிற்சி செகந்திராபாத் இரிசெட்டில், 1957இலிருந்து நடக்கிற ரயில்வே சிக்னல், டெலிகாம் பயிற்சி நிறுவனம். நம்ம கோவை போத்தனூரிலும் சிக்னல், டெலிகாம் ஒர்க்ஷாப் ஒன்று இருக்கிறது, அண்ணனுக்குச் சொல்லுங்கள். இரண்டாம் கட்டத் தேர்வில் 150 கேள்விகளில் 100 டெக்னிக்கல். சைட்டில் ஒரு வருடம் கை அழுக்கானவனுக்கு அதில் பாதி மனப்பாடம் செய்யாமலே வரும். அதனால் வேலையா, தேர்வா என்று பிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டும்.

ஆபர் லெட்டர் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பாண்ட், அதாவது இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம், என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.