கடைசிக் கல் யார் கையில்? – வாசகர் கேள்வி-பதில்

இத்தாலியில் 2026-ம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெறவிருக்கும் மிலான்–கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு, பனித்தளத்தில் கனமான கல்லை வழுக்கவிட்டு, தளத்தில் வரைந்த வட்டத்தின் மையத்துக்கு அருகில் நிறுத்தும் கர்லிங் ஆட்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஒலிம்பிக் தொடக்க விழா பிப்ரவரி 6-ம் தேதிதான் என்கிறார்கள். கர்லிங் மட்டும் 4-ம் தேதியே தொடங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: ஆட்டங்களின் எண்ணிக்கைதான் காரணம். கலப்பு இரட்டையர், ஆண்கள், பெண்கள் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 10 அணிகள். ஓர் அணி மற்ற ஒன்பது அணிகளோடும் ஒருமுறை மோதிய பிறகே முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்கள் அரையிறுதிக்குச் செல்வார்கள். இத்தனையும் ஒரே அரங்கில் நடந்தாக வேண்டும். கலப்பு இரட்டையர் பிரிவு 10-ம் தேதி முடிய, மறுநாளே ஆண்கள் பிரிவு தொடங்குகிறது. பெண்கள் இறுதி ஆட்டம் நிறைவு நாளான 22-ம் தேதி. ஆட்டங்கள் நடப்பது கார்ட்டினா டி அம்பெஸ்ஸோ என்ற மலையூரில், 1956-ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா நடந்த அதே அரங்கில். அன்று அதற்கு மேற்கூரை கிடையாது.

கேள்வி (மதுரை வாசகி): ஒருவர் கல்லைத் தள்ளிவிட, இருவர் அதற்கு முன்னால் ஓடி ஓடித் தரையைப் பெருக்குகிறார்கள். வேடிக்கையாக இருக்கிறது. அதனால் உண்மையில் என்ன பயன்?

பதில்: நானும் பல ஆண்டுகள் அதைக் கேலி செய்தவன்தான். பனித்தளத்தைக் கிட்டத்தில் காட்டும் படங்களைப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். கர்லிங் தளம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருப்பதில்லை. ஆட்டத்துக்கு முன், தளத்தைத் தயாரிப்பவர் தண்ணீர்க் கலத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடி, பூவாளி போன்ற ஒரு முனையால் வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டே போவார். விழுந்த துளிகள் அப்படியே உறைந்து, தளம் முழுவதும் வேர்க்குருபோல் சிறு புடைப்புகள் எழும்பி நிற்கும். கல்லின் அடிப்பாகமோ குழிவானது. குறுகிய ஒரு வளையம் மட்டுமே பனியில் படும். ஆக, 20 கிலோவுக்குச் சற்றே குறைந்த அந்தக் கல் புடைப்புகளின் உச்சிகளைத் தொட்டபடிதான் வழுக்கிச் செல்கிறது. துடைப்பத்தால் அழுத்தித் தேய்க்கும்போது அந்த உச்சிகள் லேசாகச் சூடேறி, உராய்வு குறைகிறது. தேய்க்காவிட்டால் எங்கே நிற்குமோ, அந்த இடத்தைத் தாண்டிக் கல் சில மீட்டர் கூடுதலாகப் போவதோடு, அதன் பாதை வளைவதும் குறைகிறது.

வளைவதைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மேசையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுழற்றித் தள்ளிப் பாருங்கள். அது இடப்பக்கம் ஒதுங்கும். கர்லிங் கல்லை அதே திசையில் சுழற்றி விட்டால் வலப்பக்கம் வளையும். இது ஏன் என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

கேள்வி (கோவை வாசகர்): எளிதாக ஒரு புள்ளி எடுக்கும் வாய்ப்பு இருந்தும், கல்லை வேண்டுமென்றே வட்டத்துக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இது என்ன கணக்கு?

பதில்: ஆட்டத்தின் சூட்சுமத்தையே பிடித்துவிட்டீர்கள். ஆண்கள், பெண்கள் ஆட்டங்களில் 10 சுற்றுகள் உண்டு. ஒவ்வொன்றையும் 'எண்ட்' என்பார்கள். ஓர் எண்டில் அணிக்கு 8 கற்கள் வீதம் மாறி மாறி 16 கற்கள் விடப்படும். முடிவில் வட்டத்தின் மையத்துக்கு மிக அருகில் எந்த அணியின் கல் நிற்கிறதோ, அந்த அணிக்கு மட்டுமே புள்ளி; எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. ஆகவே 16-வது கல்லை விடுபவருக்கே அனுகூலம். அந்தக் கடைசிக் கல்லுக்கு 'ஹாமர்' என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹாமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே புள்ளி எடுக்காவிட்டால் அது வைத்திருந்தவரிடமே தங்கும். ஒற்றைப் புள்ளிக்காக அதை இழப்பதைவிட, கையில் வைத்திருந்து அடுத்த எண்டில் இரண்டோ மூன்றோ எடுக்கலாம் என்பதுதான் கணக்கு. கலப்பு இரட்டையரில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே புள்ளியில்லாமல் விட்டால் அனுகூலம் எதிரணிக்குப் போய்விடும்.

கேள்வி (சேலம் வாசகி): கற்கள் அனைத்தும் ஒரே தீவிலிருந்து வருவதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: ஒலிம்பிக் கற்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அய்ல்சா கிரெய்க் என்ற தீவின் கருங்கல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீரை உறிஞ்சாத வகைக் கல் பனியில் படும் பகுதிக்கும், மோதலைத் தாங்கும் வகை உடலுக்கும் பயன்படுகிறது. இன்று அங்கே வெடி வைத்துக் கல் உடைப்பதில்லை. கடற்பறவைகளின் புகலிடம் அது.

கேள்வி (சென்னை வாசகர்): இம்முறை யாருக்கு வாய்ப்பு அதிகம்?

பதில்: கலப்பு இரட்டையரில் என் கண் இத்தாலியின் மீதுதான். 2022 பெய்ஜிங்கில் ஸ்டெஃபானியா கான்ஸ்டான்டினியும் ஆமோஸ் மோசானரும் விளையாடிய 11 ஆட்டங்களையும் வென்று தங்கம் பெற்றார்கள். கான்ஸ்டான்டினிக்குக் கார்ட்டினா சொந்த ஊர். பெண்களில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் உலகப் பட்டம் வென்ற கனடாவின் ரேச்சல் ஹோமன் முன்னே நிற்கிறார், ஆனால் 2022 பெய்ஜிங் வரை ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

ஆண்கள் பிரிவில் நான் எதிர்பார்ப்பது பிரிட்டனின் ப்ரூஸ் மூவட்டும் சுவீடனின் நிக்லஸ் எடினும் மீண்டும் சந்திப்பதை. பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் மூவட்டின் அணி பத்தாவது எண்டில் ஒரு புள்ளி எடுத்து 4-4 என்று சமன் செய்தது. ஆனால் புள்ளி எடுத்ததால், கூடுதல் எண்டில் ஹாமர் சுவீடனுக்குப் போயிற்று. எடின் அந்த எண்டில் ஒரு புள்ளி எடுத்து, 5-4 என்று தங்கத்தைக் கொண்டுபோனார்.