இளங்கலை மாணவர் சமூக ஆய்வு செய்ய முடியுமா?

இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வேலையின்மை பற்றி ஆய்வு செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் 'வேலையின்மை' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. 'பட்டம் முடித்த பெண்கள் முதல் வேலையை ஓராண்டுக்குள் விடுவது ஏன்?' என்பதுபோலச் சுருக்கினால்தான் ஒரு பருவத்துக்குள் முடியும். மாணவர் ஆய்வுகள் பலவும் இந்த இடத்திலேயே கவிழ்கின்றன.

அப்புறம், கேள்விப் படிவத்தை நண்பர்கள் குழுவில் போட்டு 300 பதில் வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டியும், லாண்டன் வெல்வார் என்று தவறாகக் கணித்தது, வென்றவர் ரூஸ்வெல்ட். அன்று பெரும்பாலும் வசதியானவர்களிடமே இருந்த தொலைபேசி, கார் ஆகியவற்றை வைத்திருந்தோர் பட்டியல்களை நம்பியதும், பதில் அனுப்பியவர்கள் ஒரு சாராராகவே இருந்ததும்தான் கோளாறு. அதற்கு, யோசித்துத் தேர்ந்த 15 பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது மேல். எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. ஏன் என்பது பிடிபடும்.

பேசுமுன் ஒப்புதல் வாங்குங்கள், எழுதும்போது பெயர்களை மாற்றுங்கள். கல்லூரியில் நெறிமுறைக் குழு (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் குழு) இருந்தால் அவர்கள் அனுமதிதான் முதல் வேலை. அலுப்பான வேலை, சரி. ஆனால் தரவு சேகரித்த பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள்.