தசை இழைகளைச் செதுக்குவது எப்படி?

கேள்வி: தோல் உரித்த மனித உருவம் ஒன்றை ஸீபிரஷ் என்ற முப்பரிமாணச் சிற்ப மென்பொருளில் செதுக்கி வருகிறேன். தசைகளின் திரட்சி ஓரளவு சரியாக வந்துவிட்டது. ஆனால், இழைகளைக் கீறத் தொடங்கியதும் உடல் முழுவதும் நூடுல்ஸ் சுற்றியது போல ஆகிவிடுகிறது. இதற்கென்று தனி பிரஷ் உண்டா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: பிரஷ்ஷை மாற்றுவதால் இது தீராது. ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எங்கே சென்று ஒட்டுகிறது என்று பார்க்காமல், ஒரே ஆழத்திலும் ஒரே இடைவெளியிலும் கீறிக்கொண்டு போவதுதான் பெரும்பாலும் இந்தத் தோற்றத்தைத் தருகிறது. தோளிலுள்ள டெல்டாய்டு தசை, காறை எலும்பிலும் தோள்பட்டை எலும்பிலும் அகலமாகத் தொடங்கி, மேற்கை எலும்பின் வெளிப்புறத்தில், ஏறக்குறைய அதன் நடுப்பகுதியில் குவிகிறது. ஆகவே மேலே விரிந்திருக்கும் கீறல்கள் கீழே வர வர நெருங்க வேண்டும். தொடையின் முன்புறமுள்ள ரெக்டஸ் ஃபெமோரிஸில் நிலைமை வேறு: அங்கே மேற்பரப்பு இழைகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சாய்ந்து இறங்குகின்றன. இவ்விரண்டையும் ஒரே மாதிரி நீளவாக்கில் கீறிய உருவங்களை அடிக்கடி காண்கிறேன். உடற்கூறு படித்தவர் கண்ணில் அது உடனே பட்டுவிடும்.

அடுத்தது, உருவத்தின் பரப்பை வலைபோல அமைக்கும் சிறு கட்டங்களான பாலிகன்களின் ஓட்டம். பரப்பு முழுவதையும் சீரான கட்டங்களாக்கும் டைனமெஷ் நிலையிலேயே மெல்லிய கோடுகளைக் கீறினால், அதன் கட்டங்கள் தசையின் வளைவைப் பொருட்படுத்தாமல் அடுக்கப்பட்டிருப்பதால், சாய்வான கோடுகள் பல் பல்லாக உடையும். திரட்சி முடிந்ததும் பிரதி எடுத்து, வலையைப் புதிதாக அமைத்துத் தரும் ஸீரீமெஷரில் வழிகாட்டிக் கோடுகளைத் தசையின் போக்கிலேயே வரைந்து வலையை மாற்றுங்கள். பிறகு டிவைட் செய்து, அதாவது பாலிகன்களை மேலும் சிறிதாகப் பிரித்து, பழைய வடிவத்தின் மேடுபள்ளங்கள் படியுமாறு அதைப் புதியதன் மேல் புரொஜெக்ட் செய்யுங்கள். ஒவ்வொரு டிவைடும் எண்ணிக்கையை 4 மடங்காக்கும் என்பதால், 10,000 பாலிகன்களில் தொடங்கினால் ஐந்தாவது முறையிலேயே ஒரு கோடியைத் தாண்டிவிடுவீர்கள்.

பாலிகன்கள் குறைவாக உள்ள கீழ்நிலையில் கிளே பில்டப் பிரஷ்ஷால் தடித்த கற்றைகளை மட்டும் மெல்ல எழுப்புங்கள். மேல்நிலைக்கு வந்ததும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் லேஸி மவுஸை இயக்கிக்கொண்டு, கற்றைகளுக்கிடையேயான பிளவுகளை டாம் ஸ்டாண்டர்டு பிரஷ்ஷால் இடுங்கள். சில கோடுகள் பாதியில் மங்கட்டும், சில இரண்டாகப் பிரியட்டும். மிக நுண்ணிய இழைகளைத் தனி லேயரில் வைத்துக்கொண்டால், முடிவில் அதன் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். பாதியாகக் குறைத்த பிறகு உருவம் மேம்பட்டுத் தெரிவதே வழக்கம். தசை வெண்ணிற நாணாக மாறும் இடத்தை வழவழப்பாகவே விட்டுவிடுங்கள். பக்கத்தில் வெறுமை இருந்தால்தான் இழை, இழையாகத் தெரியும். சிவப்பு மெழுகு போன்ற பளபளப்பான மெட்டீரியல், இல்லாத ஆழத்தையும் இருப்பதாகக் காட்டும்; சோதிக்கும்போது மங்கலான ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இழை வடிவ ஆல்ஃபாவை (அச்சுபோலப் பதிக்க உதவும் கறுப்பு-வெள்ளைப் படம்) பதித்தே வேலையை முடித்துவிடலாகாதா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: பின்னணியில் நிற்கும் உருவத்துக்கு அது போதும். ஆனால், ஒரே ஆல்ஃபாவைப் பலமுறை பதித்தால் அதே பிளவு திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ட்ரோக் பட்டியலில், ஆல்ஃபாவைத் தொடர்ச்சியாக உருட்டிப் பதிக்கும் ரோல் வசதியை இயக்கி, தசையின் போக்கில் நீளமாக இழுத்து, அதன்மேல் கையால் நாலைந்து கோடுகள் கீறிவிடுங்கள். அந்தக் கட்டத்தில், ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் செய்யும் சிமெட்ரியை அணைத்துவிடுவது அவசியம்.