மண்டிக் கணினியில் கறுப்புத் திரை வருவது ஏன்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் நெல் மண்டி வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் அங்குள்ள உபுண்டு கணினியில் இருக்கிறது. வீடு பாளையங்கோட்டையில். பிசான அறுவடை நேரத்தில் ராத்திரி வீட்டு விண்டோஸ் லேப்டாப்பிலேயே மூட்டைக் கணக்கைப் பார்க்க வேண்டும். தெரிந்த பையன், வேறு கணினியிலிருந்து உபுண்டுவுக்குள் நுழைய உதவும் எக்ஸ்ஆர்டிபி நிரலை நிறுவினான். மண்டிக்குள் சோதித்தபோது பாஸ்வேர்டு கொடுத்ததும் கறுப்புத் திரைதான் வந்தது. வீட்டிலிருந்து வர ரவுட்டரில் 3389-ஐத் திறக்கலாம் என்கிறான். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள், அண்ணாச்சி. 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின், அதாவது ஒரு கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதியின், வழக்கமான போர்ட்; வெளி இணைப்பு நுழையும் வாசல் எண் மாதிரி. அது திறந்திருக்கிறதா என்று தேடி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் இரவுபகலாக ஓடுகின்றன. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முழுக்க அந்தக் கணினியில் இருக்கிறது. இந்த விஷயத்தில் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது.

முதலில் கறுப்புத் திரை. மண்டியில் கணக்கப்பிள்ளை எந்தப் பயனர் பெயரில் உள்ளே இருக்கிறாரோ, அதே பெயரில் நீங்களும் நுழைந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அதற்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைச் சூழல் போதும். உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோமை விட இலகுவானது, மெதுவான இணைப்பிலும் இழுபறி குறைவு. அதை நிறுவிவிட்டு, உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் (.xsession) கோப்பில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் (xfce4-session) என்று ஒரே வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். கணக்குக் கோப்புகளை இரண்டு பயனர்களும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் ஒரே கோப்பை இருவரும் ஒரே நேரத்தில் திறந்து எழுத வேண்டாம். ‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்று லிப்ரே ஆபீஸ் எச்சரித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாளையங்கோட்டையிலிருந்து வரும் வழி. நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் ரவுட்டருக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பையன் போர்ட்டைத் திறந்தாலும் அங்கே பயனில்லை. இணையம் வழியாக உங்கள் கணினிகளை மட்டும் பாதுகாப்பாக இணைக்கும், வயர்கார்டு என்ற தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேலை இரண்டு கணினியிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். மண்டிக் கணினிக்கு 100-இல் தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் செயலியில் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். அப்புறம் மண்டிக் கணினியில் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கி, டெயில்ஸ்கேல் வழியாக 3389-க்கு வருவதை மட்டும் அனுமதியுங்கள்.

டெயில்ஸ்கேலில் கணினியை அடையாளம் காட்டும் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். மண்டிக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் சரியாக அறுவடை நேரத்தில் இணைப்பு அறுந்து, சாவியைப் புதுப்பிக்க நீங்களே அம்பாசமுத்திரம் வரை போக வேண்டியிருக்கும்.

கரண்ட் விஷயத்தையும் பாருங்கள். தானாக உறங்கும் வசதியை உபுண்டுவில் நிறுத்துங்கள். கணினி கிளம்பும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பான பயாஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்கும்படி அமைக்கலாம். டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் மட்டும், கணினி கிளம்பும்போது மண்டியில் யாராவது அதைத் தட்டச்சு செய்தாக வேண்டும்.