நீளமான ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்கப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

ஆறாம் வகுப்பு மகள் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே திணறுகிறாள் என்கிறீர்கள். காரைக்குடியில் வீட்டு முகப்பில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லித்தருபவள் நான். இந்தத் திணறலைத் தினமும் பார்க்கிறேன்.

பிரிப்பதில் இரண்டு வகை உண்டு. அவற்றைக் குழப்புவதால்தான் பாதித் தொல்லை. 'வந்தனன்' என்பதைப் பள்ளியில் அலகிட்டிருப்பீர்கள்: வந்/தனன், நேர் நிரை. அதையே பகுபத உறுப்புகளாக வா+த்+த்+அன்+அன் என்றும் பிரித்திருப்பீர்கள். முன்னது ஓசைக்கு, பின்னது பொருளுக்கு. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆனால் நம் நிரையசையில் இரண்டு உயிரொலி வரும். ஆங்கில அசைக்கு ஒன்றுதான். எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. 'கேக்' என்பதில் உயிரெழுத்து இரண்டு; கடைசி எழுத்து ஊமை என்பதால் ஓரசைதான்.

எங்கள் ஊரில் இதற்குத் தோதான சொல் சிக்ரியின் பெயரிலேயே இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 'எலக்ட்ரோகெமிக்கல்' என்று கைதட்டிச் சொன்னால் ஆறு தட்டு: எ-லக்-ட்ரோ-கெ-மிக்-கல். பொருளால் பிரித்தால் நான்கே துண்டு: எலக்ட்ரோ, கெம், இக், அல். 'கெம்' என்ற துண்டைக் கெமிஸ்ட்ரியில் பார்த்த பிள்ளை, சி.எச். என்ற எழுத்துகளைக் கண்டு 'செ' என்று வாசிக்காது.

ஹெலிகாப்டர் இன்னும் வேடிக்கை. வாய்க்கு ஹெ-லி-காப்-டர். ஆனால் கிரேக்க மூலத்தில் 'ஹெலிகோ' சுருள், 'ப்டர்' சிறகு. 'காப்டர்' என்று தனித் துண்டே கிடையாது!

மகளிடம் முதலில் முன்னொட்டையும் பின்னொட்டையும் பென்சிலால் வளைக்கச் சொல்லுங்கள். நடுவில் மிஞ்சுவதை ஓசையால் வெட்டலாம். இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் இடையில் வெட்டு: பாஸ்-கெட். ஒரே மெய் என்றால் முதலில் அடுத்த அசைக்குத் தள்ளிப் பார்க்கட்டும்: டை-கர். தெரிந்த சொல்லாக வரவில்லையென்றால் முந்தைய அசைக்கு இழுக்கட்டும்: லெம்-அன். கோடு எங்கே விழுந்தது என்று மல்லுக்கட்டாதீர்கள்; சில சொற்களில் அகராதிகளே ஒத்துப்போவதில்லை.

ஒட்டுச் சேரும்போது ஒலி மாறுவதும் உண்டு. எலக்ட்ரிக்கின் கடைசி எழுத்து, எலக்ட்ரிசிட்டியில் 'சி' என்று ஒலிக்கும். இதை விதியாக ஒப்பிக்கவைக்க வேண்டாம். மின்கட்டண அட்டையை எடுத்துக் காட்டினால் போதும்.